மூன்று மணிக்குக் கண் சொக்காத சிக்கன்: வட வர்ஜீனியாவில் ஐந்து மதியக் கடைகள்

வாரத்தில் மூன்று நாள் ஆபீஸுக்கு வந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்ட பிறகு, எங்கள் குழுவில் வியாழக்கிழமை மட்டும் யாரும் டப்பா கட்டிக்கொண்டு வருவதில்லை. அன்றைக்கு வெளிச் சாப்பாடு என்பது எழுதாத சட்டம். ஹெர்ன்டன் பக்கம் ஆபீஸ். பன்னிரண்டுக்குக் கிளம்பினால் ஒரு மணிக்கு நாற்காலிக்குத் திரும்பிவிட வேண்டும். ஆளுக்குப் பதினைந்து டாலரைச் சுற்றி முடிய வேண்டும். இதெல்லாம் சமாளிக்கலாம். மூன்று மணிக்கு ஒரு ஸ்டேட்டஸ் மீட்டிங் இருக்கிறதே, அதுதான் சிக்கல். கேமராவைப் போட்டுக்கொண்டு உட்காரவேண்டிய மீட்டிங்.

அதனால் மதியச் சாப்பாட்டை நான் பன்னிரண்டரை மணி நாக்கை வைத்து அளப்பதை விட்டுவிட்டேன். முதல் வாயில் எல்லாக் கடையும் நன்றாகத்தான் இருக்கும். பசி அப்படி. மூன்று மணிக்கு வயிறு எப்படி இருக்கிறது, இமை எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறேன். போன சில மாதங்களில் அப்படி ஐந்து சிக்கன் கடைகளைப் போட்டுப் பார்த்தோம்.

குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தேர்வு அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. மதுரைத் தம்பி ஒருவன். காரம் இல்லாததைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கமாட்டான். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், டொரோண்டோ வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். கீழக்கரை நண்பர், ஹலால் இல்லையென்றால் உருளைக்கிழங்கோடு எழுந்துவிடுவார். சுத்த சைவமான கும்பகோணத்துக்காரர் ஒருவர், சிக்கன் கடைக்கு எங்களோடு கிளம்பி வருவதே அவருடைய பெருந்தன்மை. அப்புறம் நான்.

'ஃபாஸ்ட் கேஷுவல்' என்று இங்கே ஒரு ரகம் இருக்கிறது. கவுன்ட்டரில் நின்று நாமே சொல்லவேண்டும், பணம் கட்டவேண்டும். பரிமாற ஆள் கிடையாது. ஆனால் விளக்கடியில் சூடாக வைத்த பொட்டலமாக இல்லாமல், சொன்ன பிறகு செய்தோ வெட்டியோ தருவார்கள். உட்கார்ந்து சாப்பிடுவதற்கு நல்ல மேசை இருக்கும். விலை பர்கர் கடைக்கும் ஹோட்டலுக்கும் நடுவில். இந்த ஐந்தில் முதல் இரண்டும் கறாராகப் பார்த்தால் ஃபாஸ்ட் ஃபுட்தான். ஆனாலும் மதியத்துக்கு எங்கே போகலாம் என்றால் எல்லார் வாயிலும் முதலில் வருவது அவைதான், விட்டுவிட முடியாது.

முதலில் சிக்-ஃபில்-ஏ. ஜார்ஜியாவில் ட்ரூயட் கேத்தி 1946-இல் திறந்த சின்னச் சாப்பாட்டுக் கடையில் முளைத்தது. இந்தப் பெயரில் முதல் கடை 1967-இல் அட்லாண்டாவில், ஒரு மாலுக்குள். எலும்பில்லாத நெஞ்சுக்கறியைப் பால், முட்டையில் தோய்த்து மாவில் புரட்டி, பிரஷர் குக்கர் மாதிரி மூடிய வாணலியில் கடலை எண்ணெயில் பொரிப்பார்கள். பன்னுக்குள் ஊறுகாய் வெள்ளரி இரண்டு துண்டு. அவ்வளவுதான் சாண்ட்விச். கடலை எண்ணெய் என்றதும் நமக்கு ஊர் ஞாபகம் வரும், ஆனால் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் யோசித்துத்தான் போகவேண்டும்.

இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லாத விஷயம் வேகம். கார் வரிசை தெருவரைக்கும் நிற்கும். பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் பிள்ளைகள் கையில் டேப்லெட்டோடு கார் கார் வாரியாக நடந்துவந்து ஆர்டர் எடுப்பார்கள். ஜன்னலுக்குப் போய்ச் சேரும்போது பை தயார். 'தேங்க்ஸ்' சொன்னால் 'மை ப்ளெஷர்' என்பார்கள், ஒவ்வொரு தடவையும், அலுக்காமல். மூன்று மணிச் சோதனையிலும் தேறும், ஒரு நிபந்தனையோடு: பொரித்ததை விட்டுவிட்டு கிரில் செய்த நக்கெட் எட்டுத் துண்டு வாங்கவேண்டும். பலகையில் சுமார் 130 கலோரி என்று போட்டிருக்கும். (இருபது கிளையோ அதற்கு மேலோ உள்ள சங்கிலிக் கடைகள் விலைக்குப் பக்கத்தில் கலோரியையும் எழுதவேண்டும் என்பது 2018-இலிருந்து இங்கே விதி. அது வந்தபிறகு மெனுப் பலகையைப் படிப்பது ரிப்போர்ட் கார்டு படிப்பது போல ஆகிவிட்டது.) குறை என்றால் காரம். அக்கா ஒரு கடி கடித்துவிட்டு, "தம்பி, இதுக்குள்ள ஒரு உறைப்பும் இல்லையே" என்றார். கும்பகோணத்துக்காரருக்கு வாஃபிள் ஃப்ரைஸும் மேக் அண்ட் சீஸும்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கிளையும் மூடல். வியாழன் கோஷ்டிக்கு அது பொருட்டில்லை, ஆனால் எனக்கு இந்தக் கடை மேல் ஆசை வருவது ஏனோ ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

ரெய்ஸிங் கேன்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களிடமே அதிகம் இல்லை. எலும்பில்லாத சிக்கன் ஃபிங்கர், நெளிநெளி ஃப்ரைஸ், கோல்ஸ்லா என்கிற கோஸ் சாலட், தடித்த டோஸ்ட், ஒரே ஒரு சாஸ். எத்தனை ஃபிங்கர் என்பதுதான் உங்களுக்கு உள்ள தேர்வு. டாட் கிரேவ்ஸ் ஒரு நண்பரோடு சேர்ந்து இந்த யோசனையைத் திட்டமாக எழுத, நண்பர் அதைக் கல்லூரியில் காட்டியபோது மோசமான மதிப்பெண் போட்டார்களாம். கிரேவ்ஸ் கலிஃபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் அலாஸ்காவில் சால்மன் படகிலும் உழைத்துப் பணம் சேர்த்து, 1996-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் பல்கலைக்கழக வாசலுக்குப் பக்கத்தில் கடை போட்டார். கடைக்கு வைத்தது தன் நாயின் பெயர். கதை பிடித்திருக்கிறது. ஃபிங்கரும் பிடித்திருக்கிறது, சுடச்சுட இருக்கும்போது பஞ்சு மாதிரி. ஆனால் நான்கு ஃபிங்கர் வரும் பாக்ஸ் காம்போ 1,200 கலோரிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், வெண்ணெய் தடவிய டோஸ்டையும் சேர்த்து. மூன்று மணிக்கு நான் மேலாளரின் குரலைக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டேன். சைவருக்கு அங்கே உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான். காலேஜ் பிள்ளைகளுக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கும் உகந்த கடை.

டேவ்ஸ் ஹாட் சிக்கனுக்கு எங்களை இழுத்துப்போனது மதுரைத் தம்பி. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரப் பாணி. அந்தப் பாணி பிறந்த கதையை இங்கே எல்லாரும் சொல்வார்கள்: 1930-களில் தார்ன்டன் பிரின்ஸ் என்பவர் ராத்திரி கண்ட நேரத்தில் வீடு திரும்ப, கோபத்தில் இருந்த காதலி மறுநாள் அவர் தட்டில் வைத்த கோழியில் மிளகாயை வாரிக் கொட்டினாளாம். தண்டனை என்று கொடுத்ததை மனிதர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதையே கடையாகவும் போட்டுவிட்டார். டேவ்ஸ் அந்தக் குடும்பத்துக் கடை இல்லை. 2017-இல் லாஸ் ஏஞ்சலிஸில், கிழக்கு ஹாலிவுட்டில் ஒரு பார்க்கிங் இடத்தில் நான்கு நண்பர்கள் அடுப்பு வைத்து ஆரம்பித்தது. இப்போது தேசம் முழுக்க இருக்கிறது.

காரத்தில் ஏழு படி. 'நோ ஸ்பைஸ்' தொடங்கி 'ரீப்பர்' வரை. கடைசிப் படிக்குக் கையெழுத்துக் கேட்பார்கள், ஆபரேஷனுக்கு முன்னால் வாங்குவது மாதிரி. கரோலைனா ரீப்பர் என்ற மிளகாயின் பெயர்தான் அந்தப் படிக்கு. 2023-இல் பெப்பர் எக்ஸ் வந்து பட்டத்தைப் பறிக்கும்வரை, பத்து வருடம் உலகத்திலேயே காரமான மிளகாய் என்ற சாதனை அதனிடம்தான் இருந்தது. நம் ஆளுக்கு இதெல்லாம் எச்சரிக்கையாகப் படாது, அழைப்பாகத்தான் படும். "அண்ணே, நம்ம ஊர் மொளகா பாக்காததா" என்று ஒரு துண்டு ரீப்பர் வாங்கினான். முதல் பத்து விநாடி சிரித்தான். பிறகு பேச்சு நின்றது. பிறகு காது சிவந்தது. என்னுடைய ஐஸ் டீ, அக்காவின் லெமனேட், கும்பகோணத்துக்காரர் பிரிக்கக்கூட இல்லாத தண்ணீர் பாட்டில் எல்லாம் போனது. நம் காரம் வேறு, இது வேறு. நம் குழம்பில் மிளகாய்க்குப் பின்னால் புளி நிற்கும், தேங்காய் நிற்கும், சோறு வாங்கிக்கொள்ளும். இதில் மிளகாய் தனியாகவே வந்து நிற்கிறது.

அதற்காகக் கடையைக் குறை சொல்லமாட்டேன். 'மீடியம்' எடுத்தால் உண்மையிலேயே ருசி. மேலே மொறுமொறுப்பு, உள்ளே நீர் வற்றாத கறி, ஊறுகாய், கேல் கீரை ஸ்லா. 'ஹாட்' நம் ஆட்களுக்கு உச்சம், அதற்கு மேலே வீரம். கீழக்கரை நண்பருக்கு இதுதான் நிம்மதியான இடம், அவர்கள் கோழி ஹலால்தான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வது அவர் வழக்கம், நல்ல வழக்கம். விலை ஐந்திலும் சற்றுக் கூடுதல் பக்கம். மூன்று மணிச் சோதனை? தூக்கம் வராது. ஆனால் வேறு விதமான அவஸ்தை உண்டு, விளக்கவேண்டாம். கை கழுவிய பிறகும் கண்ணைத் தொடாதீர்கள். நான் தொட்டேன்.

இனிமேல் வருவதுதான் விஷயம். பொரித்த மூன்றையும் தாண்டி, சுட்ட கோழி.

நாண்டோஸ் தென்னாப்பிரிக்கக் கடை. 1987-இல் ஜோஹானஸ்பர்கின் ரோசட்டன்வில் பகுதியில் ஃபெர்னாண்டோ டுவார்ட்டேயும் ராபர்ட் ப்ரோஸினும் 'சிக்கன்லேண்ட்' என்ற ஒரு சாப்பாட்டுக் கடையை வாங்கிப் பெயர் மாற்றினார்கள். பிரிட்டனில் தெருவுக்குத் தெரு இருக்கும். அமெரிக்காவில் முதல் கிளை 2008-இல் எங்கள் பக்கத்து வாஷிங்டனில்தான் திறந்தார்கள், அதனால் இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அதில் ஒரு சொந்தம். முழுக்கோழியைப் பிளந்து விரித்து, ஒரு நாள் முழுக்க மசாலாவில் ஊறவைத்துத் தணலில் வாட்டுவது. பெரி-பெரி என்கிற அந்த மிளகாய், நம் காந்தாரியைப் போலக் குட்டியாய், வானத்தைப் பார்த்து நிற்கிற சாதி. போர்த்துக்கீசியர்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாயைக் கப்பலேற்றி மொசாம்பிக்கிலும் இறக்கினார்கள், கோவாவிலும் இறக்கினார்கள். ஆக நாண்டோஸ் சாஸ் நம் நாக்குக்குப் பழகின மாதிரி இருப்பதற்குப் பூர்வஜன்மக் காரணம் தேட வேண்டியதில்லை, ஒரே கப்பல்காரர்கள்தான்.

இங்கே எலுமிச்சை, பூண்டு, புளிப்பு எல்லாம் காரத்தோடு சேர்ந்து வருகிறது. 'மீடியம்' அக்காவுக்குப் போதவில்லை, 'ஹாட்' எடுத்து, மேசையிலிருந்த பாட்டிலிலிருந்து இன்னும் ஊற்றிக்கொண்டார். "இப்பத்தான் சாப்பாடு மாதிரி இருக்கு" என்றது அங்கேதான். கும்பகோணத்துக்காரர் மாச்சோ பீஸ் என்று புதினாவும் மிளகாயும் போட்டு மசித்த பட்டாணியை இரண்டு கிண்ணம் வாங்கி, மஞ்சள் சோறோடு பிசைந்து சாப்பிட்டார். ஒரு சிக்கன் கடையில் அவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சுவரில் தென்னாப்பிரிக்க ஓவியங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும், விருந்தாளியை அழைத்துப்போக ஏற்ற இடம்.

இரண்டு குறை. சொன்ன பிறகு வாட்டுவதால் கூட்டமான வியாழனில் இருபது நிமிடம் போய்விடுகிறது; ஒரு மணி நேரத்தில் அது பெரிய கடி. கால் கோழி, இரண்டு பக்க உணவு, ஒரு குளிர்பானம் என்றால் வரியோடு பதினைந்தைத் தாண்டுகிறது. அதற்கு மேல், பணம் கட்டும் திரையை நம் பக்கம் திருப்புகிற வேலை. 18, 20, 22 சதவீதம் என்று டிப்ஸ் கேட்கும். நாமே நின்று சொல்லி, நாமே தட்டைக் குப்பையில் கொட்டப்போகிறோம், பின்னால் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், விரல் தானாக நடுவில் உள்ளதை அமுக்கிவிடுகிறது. கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பெரு நாட்டுக் கரிக்கோழி. ஸ்பானிஷில் 'பொய்யோ ஆ லா ப்ராஸா'. இதற்குத் தேசியச் சங்கிலி எதுவும் வேண்டாம், வட வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் மளிகைக் கடைக்கும் லாண்ட்ரிக்கும் நடுவில் ஒன்று இருக்கும். பெரு, பொலிவியா, எல் சால்வடோர் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் இந்த வட்டாரத்தில் அதிகம், அவர்களோடு வந்தது. ஆர்லிங்டனில் உள்ள எல் பொய்யோ ரிக்கோ 1988-இலிருந்து நடக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் பேர் தெரிந்த அந்தக் கடையிலேயே தொடங்கலாம், அல்லது வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கடை வாசலில் வேலையாட்களின் பிக்கப் வண்டிகள் அதிகம் நிற்கிறதோ அங்கே நுழையலாம்.

இந்தக் கோழிக்கும் வேடிக்கையான பூர்வீகம். 1950 வாக்கில் லிமாவுக்கு வெளியே சாந்தா கிளாராவில் பண்ணை வைத்திருந்த ரோஜர் ஷூலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கோழியைக் கரியில் சுட்டு விற்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிக் கை ஓய்ந்துபோக, ஃபிரான்ஸ் உல்ரிச் என்ற இன்னொரு சுவிஸ்காரர் நிறையக் கோழிகள் ஒன்றாகச் சுழலும் கம்பி அடுப்பைச் செய்துகொடுத்தார். அப்போது பணக்காரர் பண்டம். இன்றைக்கு பெருவில் அது பாமரர் சாப்பாடு. 2004-இல் தேசியப் பண்பாட்டுச் சொத்து என்றே அறிவித்துவிட்டார்கள்.

கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது சீரகம். சீரகம், பூண்டு, மிளகு, சோயா சாஸ் போட்டு ஊறவைத்த கோழி. அடுப்பில் வரிசை வரிசையாகச் சுற்றுகிறது, மேல்வரிசைக் கோழியின் நெய் கீழ்வரிசை மேல் சொட்ட, அது கரியில் விழுந்து 'சுர்' என்று புகைகிறது. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் கம்பியிலிருந்து ஒன்றை உருவிக் கட்டையில் வைத்து, அகலமான கத்தியால் நான்கே வெட்டு. டொக், டொக், டொக், டொக். வெள்ளைக்கறியா, லெக் பீஸா என்று கேட்பார். யோசிக்காதீர்கள், லெக் பீஸ். நெஞ்சுக்கறி மதியம் ஒரு மணிக்கு மேல் கொஞ்சம் உலர்ந்துவிடும். தொடை கடைசிக் கோழிவரைக்கும் ஈரமாக இருக்கும், தோல் மட்டும் அப்பளம் மாதிரி உடையும்.

பக்க உணவுதான் நம் ஆட்களைக் கவிழ்ப்பது. 'யூக்கா' என்று எழுதியிருப்பது வேறு ஒன்றுமில்லை, மரவள்ளிக்கிழங்கு. விரல் நீளத்துக்கு வெட்டிப் பொரித்துத் தருவார்கள். 'மதுரோஸ்' என்பது நன்றாகப் பழுத்த நேந்திரன் வகை வாழைப்பழத்தைப் பொரித்தது. "இது ஊர்ல வாழைப்பழம் பொரிச்சதுதானே" என்று அக்கா தட்டையே என்னிடமிருந்து இழுத்துக்கொண்டார். மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து நம் பக்கம் வந்தது என்று படித்திருக்கிறேன். தட்டில் திரும்ப அது எதிரில் வந்தபோது, ஊரில் மாமா வீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. கறுப்புப் பயறும் சோறும் உண்டு. கும்பகோணத்துக்காரர் கவனத்துக்கு: பயற்றில் பன்றிக் கொழுப்புச் சேர்க்கிற கடைகள் உண்டு, கேட்டுவிட்டுத்தான் வாங்கவேண்டும். எங்களுக்குப் பிடித்த கடையில் சேர்ப்பதில்லை என்றார்கள், ஆனாலும் அவர் சோறும் மரவள்ளியும் சாலடும் போதும் என்றுவிட்டார்.

அப்புறம் அந்தப் பச்சைச் சாஸ். பச்சை மிளகாயும் தழையும் மயோனேஸும் அரைத்தது, சிமிழ் மாதிரிச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் மூடி போட்டு வரும். கோழிக்கு ஒன்று, கிழங்குக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று என்று கேட்கலாம். இரண்டுக்கு மேல் காசு. மதுரைத் தம்பி ஐந்து வாங்கினான். ரீப்பர் கண்டத்தைத் தாண்டி வந்தவன், பாவம், இருக்கட்டும்.

குறை இல்லாமல் இல்லை. பழைய கடைகளில் சிலவற்றில் பணமாகத்தான் வாங்குவார்கள். ஒரு கடையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் போனை நீட்ட, கவுன்ட்டர்க்காரர் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். கீழக்கரை நண்பர் ஒரு இருபது டாலர் நோட்டை எடுத்து நீட்டினார். அவர் அங்கே ஹலால் இல்லையென்று வெறும் மரவள்ளிதான் சாப்பிடப் போகிறார், என் கோழிக்குக் காசு கொடுக்கிறார். அதைவிட வெட்கம் இல்லை. இரண்டாவது குறை, சட்டையில் புகை வாசம். மீட்டிங்கில் கேமராவுக்கு வாசம் தெரியாது, ஆனால் பக்கத்துச் சீட்டுக்காரருக்குத் தெரியும். மூன்றாவது, பன்னிரண்டேகாலுக்கு மேல் போனால் வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். பதினொன்று நாற்பதுக்குப் போனால் ஐந்து நிமிடம், கோழி ஏற்கெனவே வெந்துகொண்டுதானே இருக்கிறது. அந்த வகையில் நாண்டோஸைவிட வேகம். விலையும் குறைவு: கால் கோழி, இரண்டு பக்க உணவோடு நான் எப்போதும் பதினைந்துக்குள்தான் கட்டியிருக்கிறேன்.

மூன்று மணி? கோழியில் மாவு இல்லை, ஊறிய எண்ணெய் இல்லை. மரவள்ளியில் கை வைக்காமல் சாலடும் பாதிச் சோறுமாக எடுத்தால் இமை தானாகவே திறந்திருக்கிறது. மரவள்ளியில் கை வைக்காமல் இருப்பது யாரால் முடிகிறது என்பது வேறு கேள்வி.

சரி, யார் எங்கே போகலாம்? தனியாள், இருபது நிமிடம்தான் இருக்கிறது என்றால் சிக்-ஃபில்-ஏ, கிரில் நக்கெட். கோஷ்டியில் ஹலால் பார்ப்பவர் இருந்தால் டேவ்ஸ், மீடியம். ரீப்பர் பக்கம் தலைவைக்காதீர்கள். சைவரும் சேர்ந்து வருகிறார், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், நேரம் கையில் இருக்கிறது என்றால் நாண்டோஸ். பிள்ளைகளோடு என்றால் கேன்ஸ், அதுவும் மறுநாள் லீவாக இருக்கவேண்டும். மற்ற வியாழக்கிழமைகளெல்லாம், என்னைக் கேட்டால், கரிக்கோழிக்குத்தான். கீழக்கரை நண்பருக்காக ஹலால் கரிக்கோழிக் கடை ஒன்று ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம், அடுத்த வாரம் அங்கேதான்.

போன தடவை மீந்த பச்சைச் சாஸ் கிண்ணம் ஒன்றைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ராத்திரி தோசைக்கு நான் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த மனைவி, "கொத்தமல்லிச் சட்னி எப்ப அரைச்சீங்க?" என்று கேட்டாள். இல்லை, பெரு நாட்டுச் சரக்கு என்றேன். கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, வியாழக்கிழமை ரெண்டா வாங்கிட்டு வாங்க என்றாள்.